மனக்கோட்டைக்காரர்கள்: ஒரு பெயர் வரலாறு

மலர்க் குழுவினர் போன் செய்து, "ஏதாவது தொழில்நுட்பக் கட்டுரை எழுதிக் கொடுப்பா" என்று கேட்டார்கள். தொழில்நுட்பம் வாரத்தில் ஆறு நாள் எனக்குச் சோறு போடுகிறது. ஏழாவது நாளும் அதையே எழுது என்றால் எப்படி? அதனால் பல வருஷமாகப் பொழுதுபோக்காகச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு விஷயத்தை இங்கே இறக்கி வைக்கிறேன். கனவு காண்கிறவர்களுக்கும், உலகம் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு படத்தை மனசில் மாட்டிக்கொண்டு அலைகிறவர்களுக்கும், ஊர் உலகம் என்னென்ன பெயர் வைத்திருக்கிறது என்பதுதான் அது.

நம் ஹாஸ்டலிலும் இந்தப் பெயர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 'ஆகாசம்', 'விஞ்ஞானி', 'லட்சியம்' என்று ஒவ்வொரு விங்கிலும் ஒருத்தராவது இருப்பார். மெஸ்ஸில் சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நிற்பார். பின்னால் இருப்பவன் கத்தினால்தான் பூலோகத்துக்கு வருவார். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். மனக்கோட்டை, ஆகாயக் கோட்டை, பகற்கனவு, மனப்பால் குடிப்பது. எல்லாமே அழகான சொற்கள், எல்லாமே கேலிச் சொற்கள். படிப்பாளியைக் குத்துவதற்குத் தனியாக ஒன்று உண்டு: ஏட்டுச் சுரைக்காய். கோட்டை கட்டுகிற உருவகம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே 'ஸ்பெயினில் கோட்டை கட்டுவது' என்று சொல்லி வருகிறார்கள். கையில் இல்லாத நிலத்தில், இல்லாத பணத்தில் கட்டுகிற கோட்டை. ஆகாயத்தில் கட்டினாலும் ஸ்பெயினில் கட்டினாலும் பட்டா கிடைக்காது என்பதுதான் விஷயம்!

இந்த வகைக் கதைகளில் உலகம் சுற்றிய கதை ஒன்று நம் நாட்டிலிருந்து போனது. பஞ்சதந்திரத்தில் வரும் பிராமணன், பிச்சையில் கிடைத்த மாவு மிச்சப்பட்டுப் பானை நிறைந்துவிட, அதைச் சுவரில் தொங்கவிட்டுக் கீழே படுத்துக்கொள்கிறான். பஞ்சம் வந்தால் மாவை விற்கலாம், ஆடு வாங்கலாம், ஆடு மாடாகும், மாடு குதிரையாகும், வீடு வரும், மனைவி வருவாள், சோமசர்மா என்று ஒரு பிள்ளை பிறப்பான், மனைவி குழந்தையைக் கவனிக்காவிட்டால் ஒரு உதை விடுவேன் என்று நினைத்து நிஜமாகவே காலை வீசுகிறான். பானை உடைந்து மேலெல்லாம் மாவு. இந்தக் கதை 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகம் போயிற்று. 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபா கையால் அரபிக்குப் போயிற்று. அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளில் புகுந்து, 1678-இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோந்தேன் கையில் பால்காரப் பெண்ணாக வேஷம் மாறிக்கொண்டது. அவரே அந்தத் தொகுப்பின் முன்னுரையில் இந்திய முனிவர் ஒருவருக்குக் கடன்பட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் இத்தனை மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் சிரித்திருக்கிறார்கள். சைட்டில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அவன் செய்த தப்பு கனவு கண்டதா, இல்லை பானையைக் கால்மாட்டில் தொங்கவிட்டதா? கணக்கில் பிசகே இல்லை, சேஃப்டியில்தான் கோட்டை விட்டான்.

சிரிப்போடு நின்றால் பரவாயில்லை. கிரேக்கர்கள் கதையைப் பார்த்தால் இந்தப் பெயர் சூட்டுகிற வேலை எங்கே போய் முடியும் என்று தெரியும்.

கி.மு. 414-இல் ஏதென்ஸ் நகரத்தில் அரிஸ்டோஃபனீஸ் 'பறவைகள்' என்ற நகைச்சுவை நாடகத்தை அரங்கேற்றினார். ஊரில் ஓயாத வழக்கு வியாஜ்ஜியங்களால் வெறுத்துப்போன இரண்டு பேர், பறவைகளைச் சேர்த்துக்கொண்டு ஆகாயத்தில் ஒரு நகரம் கட்டுகிறார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'மேகக்குயில்பட்டி' என்று வரும். நடைமுறை தெரியாதவர்களை ஆங்கிலத்தில் கிண்டல் செய்ய இன்றும் அந்தப் பெயரின் மொழிபெயர்ப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். நகரம் உருவாகிற செய்தி கேட்டு ஒரு கூட்டமே வேலை தேடி வருகிறது. அதில் ஒருத்தர் அளவுக் கருவிகளுடன் வந்து, காற்றை அளந்து மனைமனையாகப் பிரித்து லே-அவுட் போட்டுத் தருகிறேன் என்கிறார். அவரை அடித்து விரட்டுகிறார்கள். அரங்கம் சிரித்திருக்கும்.

அந்தப் பாத்திரத்தின் பெயர் மெட்டோன். கற்பனைப் பாத்திரமில்லை, அப்போது ஏதென்ஸில் வாழ்ந்த வானியல் அறிஞர். கி.மு. 432 வாக்கில், 19 சூரிய வருஷமும் 235 சந்திர மாதமும் ஏறக்குறைய ஒன்று என்ற கணக்கை அந்த ஊருக்குச் சொன்னவர். சந்தேகம் இருந்தால் வீட்டில் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் பத்தொன்பதாவது பிறந்த நாளன்று ஆங்கிலத் தேதியும், நீங்கள் பிறந்த திதியும் கிட்டத்தட்ட சேர்ந்து வரும். முப்பத்தெட்டிலும் வரும். காற்றை அளப்பவன் என்று அடி வாங்கிய ஆளின் கணக்கு 2,400 வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே நாடக ஆசிரியர் கி.மு. 423-இல் 'மேகங்கள்' என்று இன்னொரு நாடகம் போட்டார். அதில் சாக்ரடீஸ் ஒரு கூடையில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சூரியனை ஆராய்வார். தெள்ளுப்பூச்சி எத்தனை அடி தாண்டும் என்று அளப்பார். அவர் பள்ளிக்கூடத்துக்குப் பெயரே 'யோசனைக்கூடம்' என்கிற மாதிரி ஒரு நக்கல். இருபத்துநாலு வருஷம் கழித்து, கி.மு. 399-இல், சாக்ரடீஸ் மேல் வழக்குப் போட்டார்கள். பிளேட்டோ எழுதி வைத்திருக்கும் நீதிமன்றப் பேச்சில், இப்போது குற்றம் சாட்டுகிறவர்களைவிடப் பழைய குற்றச்சாட்டுக்காரர்கள்தான் ஆபத்தானவர்கள் என்று சொல்லி, சாக்ரடீஸ் அந்த நாடகத்தையே நினைவுபடுத்துகிறார். நீதிபதிகளாக உட்கார்ந்தவர்களில் பலர் சின்ன வயசில் அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். விஷக் கோப்பைக்கு வேறு காரணங்களும் இருந்தன, அரசியல் இருந்தது. ஆனால் மேகத்தில் மிதக்கிறவன் என்ற பெயர் அதற்குத் தளம் போட்டுக் கொடுத்தது என்பதைக் குற்றவாளிக் கூண்டில் நின்றவரே சொல்லியிருக்கிறார்.

அடுத்து டான் குவிக்ஸாட். செர்வாண்டெஸ் எழுதிய ஸ்பானிய நாவல், முதல் பாகம் 1605, இரண்டாம் பாகம் 1615. ஐம்பது வயதை ஒட்டிய ஒரு கிராமத்துப் பிரபு, வீரக் கதைகளைப் படித்துப் படித்து மூளை வறண்டு, நாவிதரின் கிண்ணத்தைத் தலைக்கவசம் என்று மாட்டிக்கொண்டு அநீதியை ஒழிக்கக் கிளம்புகிறார். காற்றாலைகளை ராட்சதர்கள் என்று நினைத்து ஈட்டியோடு பாய்கிறார். பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதியவர் வாழ்க்கையில் அடிபடாத சொகுசுக்காரர் இல்லை. 1571 லெபாண்டோ கடற்போரில் இடது கை செயலிழந்தவர். 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் ஐந்து வருஷம் அடிமையாகக் கிடந்து, நான்கு முறை தப்பிக்க முயன்று பிடிபட்டவர். பிறகு கடற்படைக்குத் தானியம் வசூலித்து, வரி வசூலித்து, கணக்கு நேராகாமல் 1597-இல் செவில் நகரச் சிறையில் இருந்தவர்.

முதல் இருநூறு வருஷம் ஐரோப்பா இந்தப் புத்தகத்தைப் பெரும்பாலும் சிரிப்புப் புத்தகமாகத்தான் படித்தது. ஆங்கிலத்தில் பிறந்த 'குவிக்ஸாடிக்' என்ற சொல்லும் கிறுக்குத்தனம் என்ற பொருளில்தான் ஓடியது. 1800-ஐ ஒட்டி ஜெர்மானிய எழுத்தாளர்கள் அதே புத்தகத்தைத் திருப்பிப் படித்து, இவன் கோமாளி இல்லை, உலகம்தான் இவனுக்குப் போதவில்லை என்றார்கள். 1860-இல் ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவ், மனிதர்களே ஹாம்லெட் ஜாதி, குவிக்ஸாட் ஜாதி என்று இரண்டு வகைதான் என்று ஒரு சொற்பொழிவே நடத்தினார். புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. படித்தவர்கள் மாறினார்கள், சொல்லின் விலை ஏறிவிட்டது. நிலத்துக்கு மட்டும்தான் கைடுலைன் வேல்யூ என்று நினைக்காதீர்கள்.

இனி நம் தொழிலுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட பெயருக்கு வருகிறேன்.

கடைசி வருஷம் எல்லோரும் 'புராஜெக்ட்' செய்திருப்போம். அதற்கு ஒரு கைடு, ஒரு பைண்டிங் கடை, ஒரு வைவா. வேலைக்குப் போனால் புராஜெக்ட் இன்ஜினியர், புராஜெக்ட் மேனேஜர். மரியாதையான வார்த்தை. ஆனால் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'புராஜெக்டர்' என்று ஒருவரைச் சொன்னால் அது வசவு. லத்தீனில் 'முன்னால் எறிவது' என்பது மூலப் பொருள். இல்லாத ஒன்றை எதிர்காலத்தின் மேல் எறிகிறவன், அதாவது திட்டம் திட்டம் என்று அலைகிறவன். அரசரிடம் தனியுரிமைச் சீட்டு வாங்கிக்கொண்டு, சதுப்பு நிலத்தை வடிய வைக்கிறேன், புது மாதிரி சோப்பு செய்கிறேன் என்று ஊர்ப் பணத்தைத் திரட்டுகிற கூட்டம் அப்போது பெருகியிருந்தது. பென் ஜான்சன் 1616-இல் போட்ட 'பிசாசு ஒரு கழுதை' என்ற நாடகத்தில் அப்படிப்பட்ட ஒரு புராஜெக்டரைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

இந்தப் பெயரைத் தூக்கி நிறுத்த முயன்ற ஒருவர் உண்டு. பின்னாளில், 1719-இல், ராபின்சன் குரூசோ எழுதிப் புகழ் பெற்ற டேனியல் டீஃபோ. 1697-இல் அவர் 'திட்டங்கள் பற்றிய கட்டுரை' என்று ஒரு புத்தகம் எழுதினார். எங்கள் காலமே புராஜெக்ட் காலம் என்று அறிவித்து, நோவா கட்டிய கப்பல்தான் முதல் புராஜெக்ட் என்று ஆரம்பித்தார். பாபேல் கோபுரத்தைத் தோற்ற புராஜெக்ட் வரிசையில் வைத்தார். பிறகு தன் பட்டியலை எடுத்து வைத்தார்: நல்ல சாலைகள், பரஸ்பர உதவிச் சங்கங்கள் என்ற பெயரில் காப்பீடு, ஓய்வூதிய அலுவலகம், நொடித்துப்போன கடனாளிகளைச் சிறையில் அழுக விடாத திவால் சட்டம், பெண்களுக்கு உயர் கல்விக்கூடம். 1697-இல் இதெல்லாம் மனக்கோட்டை. இன்றைக்கு இதில் எது நடக்கவில்லை? எழுதியவர் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருஷம் முன்னால்தான், 1692-இல், 17,000 பவுன் கடனோடு திவாலானவர். புனுகுப் பூனைகள் எழுபது வாங்கி வாசனைத் தொழில், கடலடிப் புதையல் எடுக்க மூழ்குமணிக் கம்பெனியில் பங்கு என்று பணத்தை விட்டவர். இப்படிப்பட்டவர் சொன்ன பென்ஷன் திட்டத்தை அன்று யார் நம்புவார்கள், சொல்லுங்கள்.

1720-இல் தென்கடல் கம்பெனி ஊழல் வெடித்தது. வருஷத் தொடக்கத்தில் 130 பவுன் அளவில் இருந்த பங்கு, கோடையில் ஆயிரத்தைத் தொட்டு, வருஷம் முடிவதற்குள் தரையில் விழுந்தது. ஐசக் நியூட்டனே பணத்தை விட்டார். புராஜெக்டர் என்ற பெயர் முழுசாக நாறிப்போனது அப்போதுதான். 1726-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் 'கலிவரின் பயணங்கள்' எழுதியபோது, லகாடோ நகரத்தில் ஒரு புராஜெக்டர் கழகத்தையே நிறுவினார். அங்கே ஒருத்தர் எட்டு வருஷமாக வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வீடு கட்டும் முறை கண்டுபிடித்திருக்கிறார். மூன்றாமவர் இருபது அடிச் சதுரத்தில் ஒரு மரச்சட்டம் செய்து, அதில் மொழியின் எல்லாச் சொற்களையும் கட்டைகளில் ஒட்டி, சுற்றிலும் நாற்பது கைப்பிடி வைத்து, மாணவர்களை விட்டுத் திருப்புகிறார். தற்செயலாக வாக்கியம் அமைந்தால் எழுதிக்கொள்கிறார்கள். அறிவே இல்லாதவனும் தத்துவமும் கவிதையும் எழுதலாமாம்.

ஸ்விஃப்ட் பெரிய மேதை, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் கேலிக்கு அவர் பொறுக்கிய உதாரணங்கள் காலத்தால் அவருக்கே திரும்பிவிட்டன. எண்ணெய்க் கம்பெனிகளின் பெரிய சேமிப்புத் தொட்டிகளை ஜாக்கி வைத்துக் கட்டும் முறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் தரையிலேயே கூரையையும் மேல் வளையத்தையும் பற்றவைப்பார்கள். அதை ஜாக்கியால் தூக்கிவிட்டு அடுத்த வளையத்தைக் கீழே சேர்ப்பார்கள். உயரத்தில் ஏறாமல் எல்லா வேலையும் தரையில் முடிந்துவிடும். கூரையிலிருந்து கீழே கட்டுவது இப்போது டெண்டர் ஷரத்து! அந்த வாக்கிய மெஷினைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். இன்றைய மாணவர்கள் கைப்பிடி திருப்பாமலேயே அசைன்மெண்ட் முடிக்கிறார்கள் என்று கேள்வி. வெள்ளரிக்காய் மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

காலப்போக்கில் 'புராஜெக்ட்' பிழைத்து ஆபீசுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது. 'புராஜெக்டர்' என்பது படம் காட்டுகிற மெஷினுக்குப் பெயராக ஒதுங்கிவிட்டது.

நெப்போலியன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1796-இல் தெஸ்த்யூ த த்ராசி என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் 'ஐடியாலஜி' என்ற சொல்லைச் செய்தார். கருத்துகளைப் பற்றிய விஞ்ஞானம் என்று பொருள். மறு வருஷமே அந்த அறிஞர் குழாம் இருந்த தேசிய நிறுவனத்தில் இளம் தளபதி போனபார்ட் உறுப்பினரானார், அதுவும் இயந்திரக் கலைப் பிரிவில்! ஆட்சி கைக்கு வந்து, இவர்கள் சுதந்திரம் அது இது என்று பேச ஆரம்பித்ததும், அதே சொல்லை வைத்து 'ஐடியலாக்' என்று ஏளனம் செய்தார். நடைமுறை தெரியாத கனவுக்காரர்கள் என்று அர்த்தம். 1803-இல் அவர்களுடைய பிரிவையே இழுத்து மூடினார். 1812 டிசம்பரில், ரஷ்யப் பனியில் தன் பெரும் படையைப் புதைத்துவிட்டுப் பாரிஸ் திரும்பியவர், பிரான்ஸின் கஷ்டங்களுக்கெல்லாம் காரணம் இந்த ஐடியாலஜிதான் என்று அறிவித்தார். லட்சக்கணக்கான ஆட்களோடு மாஸ்கோவுக்கு நடந்து போனவர் நடைமுறைவாதி, வீட்டில் உட்கார்ந்து புத்தகம் எழுதியவர்கள் கனவுக்காரர்கள்.

கனவுக்காரர்களுக்கு வக்காலத்து மட்டும் வாங்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மனக்கோட்டைக்காரர்களில் சுத்தமான சோம்பேறி வகையை ரஷ்யர்கள் மாதிரி யாரும் படம் பிடிக்கவில்லை. கோகோல் 1842-இல் வெளியிட்ட 'இறந்த ஆத்மாக்கள்' நாவலில் மணீலவ் என்று ஒரு பண்ணையார் வருகிறார். இனிமையானவர். வீட்டிலிருந்து ஒரு சுரங்கப் பாதை தோண்டினால் எப்படி இருக்கும், குளத்தின் மேல் கல் பாலம் கட்டி இரண்டு பக்கமும் கடை வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருப்பார். அவர் மேஜையில் ஒரு புத்தகம், பதினாலாம் பக்கத்தில் அடையாளம் வைத்தபடி இரண்டு வருஷமாகக் கிடக்கும். 1859-இல் கொன்சரோவ் எழுதிய 'ஒப்லோமவ்' நாயகனோ படுக்கையை விட்டு எழுந்திருக்கவே பல அத்தியாயம் எடுத்துக்கொள்வார். படுத்தபடியே கிராமச் சீர்திருத்தத் திட்டம் போடுவார். இந்த இரண்டு பெயரும் அந்த மொழியில் நோய்களின் பெயர் மாதிரி நிலைத்துவிட்டன.

மணீலவையும் நம் பூசலார் நாயனாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருநின்றவூர் பூசலாருக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனசிலேயே கட்டினார். ஆனால் எப்படிக் கட்டினார் என்று பாருங்கள். முதலில் நிதி சேர்க்கிறார், பிறகு சாமான்கள், பிறகு தச்சர்கள், நல்ல நாள் பார்த்து அடிநிலை, ராத்திரி கூடக் கண் மூடாமல் வேலை, சிகரம், ஸ்தூபி, சுதை வேலை, கிணறு, மதில், குளம். வரிசை தப்பவில்லை. நெட்வொர்க் சார்ட் போடுகிற புராஜெக்ட் ஆபீசர்கூட இதில் குறை சொல்ல முடியாது. காஞ்சியில் கற்கோயில் கட்டி முடித்த காடவ மன்னன் கனவில் இறைவன் தோன்றி, நீ குறித்த நாளில் நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், வேறு நாள் பார்த்துக்கொள் என்றாராம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். மணீலவின் பாலத்துக்கு அஸ்திவாரம் கிடையாது, பூசலார் கோயிலுக்கு உண்டு. ஆனாலும் திருநின்றவூரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ரஷ்யாவை விட்டு வருவதற்குள் ஒன்று. 1920-இல் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் மாஸ்கோ போய் லெனினைச் சந்தித்தார். நாடு உள்நாட்டுப் போரில் சிதைந்து கிடந்த நேரம். லெனின் நாடு முழுக்க மின்மயமாக்கும் திட்டத்தைப் பற்றிப் பேசினார். வெல்ஸ் திரும்பி வந்து அவரைக் 'கிரெம்ளின் கனவுக்காரர்' என்று எழுதினார். காலயந்திரமும் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பும் எழுதியவருக்கே இது நம்ப முடியாத கற்பனையாகப் பட்டிருக்கிறது! அந்த டிசம்பரில் ஏற்கப்பட்ட திட்டத்தில் 30 மின் நிலையங்கள், பத்துப் பதினைந்து வருஷக் கெடு. 1930-களின் தொடக்கத்திலேயே இலக்குகள் பெரும்பாலும் எட்டப்பட்டன. ஆனால் அதே நாட்டில் 1932–33-இல் பல லட்சம் விவசாயிகள் பஞ்சத்தில் செத்தார்கள், அந்தப் பஞ்சத்தில் ஆட்சியின் கை இருந்தது. மின்கம்பத்தை மட்டும் எண்ணிவிட்டுக் கனவு பலித்தது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

திரும்பத் தமிழுக்கு வருவோம். இலட்சியவாதி என்ற சொல் நம் பெரியவர்கள் காலத்தில் மேடையில் மாலை போட்டுச் சொல்லும் சொல். இப்போது அதற்கு முன்னால் 'பாவம்' என்று ஒன்று சேர்ந்துவிட்டது. "பாவம், ரொம்ப லட்சியவாதிங்க அவர்." 'கனவு' என்ற சொல்லுக்கு நேர்மாறாக நடந்தது. கனவு காணாதே, வேலையைப் பார் என்று அதட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். 2002-இல் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் கனவு காணுங்கள் என்று சொன்னதில் அந்தச் சொல் பாடப்புத்தக அந்தஸ்துக்கு வந்துவிட்டது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 வங்காள விரிகுடாவில் விழுந்ததையும், 1980 ஜூலை 18 அன்று அதே ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் ஏற்றியதையும் அனுபவித்தவர் சொன்னதால் அதற்கு எடை இருந்தது. இப்போது அதே சொல்லை ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் 'கனவு இல்லம்' என்று பார்க்கிறோம். மறுபடி ஆகாயக் கோட்டைக்கே வந்தாயிற்று.

ஆனால் தமிழில் மிகக் கொடுமையான பெயர் இதுவரை நான் சொன்ன எதுவுமில்லை. 'பிழைக்கத் தெரியாதவர்.' யூதர்களின் இத்திஷ் மொழியில் 'காற்று மனிதன்' என்று ஒரு சொல் உண்டு, உருப்படியான வருமானம் இல்லாமல் காற்றைக் குடித்து வாழ்கிறவன் என்று. அதில் ஒரு பரிவு இருக்கிறது. நம் சொல்லில் தீர்ப்பு இருக்கிறது. யாரைச் சொல்கிறோம்? ஒரு அரசுத் துறையில் எனக்குத் தெரிந்த மூத்த பொறியாளர் ஒருவர், சாலையின் கனம் எஸ்டிமேட்டில் இருந்தபடி இல்லை என்று எம்-புக்கில் கையெழுத்துப் போட மறுத்தார். ஒன்றரை வருஷத்தில் மூன்று இடமாற்றம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்றி மாற்றி ஓய்ந்துபோனார். அவருடைய சகாக்கள் அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்ல மனுஷன், பிழைக்கத் தெரியாது" என்றார்கள், அவ்வளவுதான். அவர் கனவு எதுவும் காணவில்லை. டேப்பை வைத்து அளந்தார். சாலை இத்தனை மில்லிமீட்டர் என்றால் இத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது எப்போது இலட்சியம் ஆயிற்று? ஒரு ஊரில் நடைமுறை எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று அறிய, அங்கே யாருக்கு இந்தப் பெயர் கிடைக்கிறது என்று பார்த்தாலே போதும்.

கடைசியாக, நம் மண்ணின் ஒரு கோப்புக் குறிப்பு.

மேற்கே பாய்ந்து வீணாகக் கடலில் சேரும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பி மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்துக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தை 1789-லேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆராய்ந்தார். செலவு கட்டாது என்று விட்டுவிட்டார்கள். 1808-இல் கும்பினி அரசாங்கம் கேப்டன் ஜே. எல். கால்டுவெல் என்ற மதராஸ் இன்ஜினியரை அனுப்பியது. (ஒப்பிலக்கணம் எழுதிய பிஷப் கால்டுவெல் வேறு, அவர் வந்தது 1838-இல்.) இவர் மலை ஏறிப் பார்த்துவிட்டு, தண்ணீரைத் திருப்ப நூறு அடிக்கு மேல் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, இந்தத் திட்டம் 'கைமெரிக்கல்', இனி கவனிக்கத் தகுதியற்றது என்று எழுதிவிட்டார். கைமெரா என்பது கிரேக்கப் புராணத்தில் வரும் ஜந்து. சிங்க முகம், ஆட்டு உடம்பு, பாம்பு வால். உலகத்தில் இல்லாத மிருகம். அந்த ஒரு சொல் கோப்பில் ஏறியது.

1850-இல் சின்ன அளவில் ஒரு முயற்சி தொடங்கி, காய்ச்சலுக்குப் பயந்து நின்றது. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் கொடுத்தார். 1876–78 தாது வருஷப் பஞ்சம் இலட்சக்கணக்கானவர்களைத் தின்றுவிட்டுப் போன பிறகுதான் கோப்பு வேகம் பிடித்தது. 1882-இல் மேஜர் பென்னிகுயிக் முழு வடிவம் கொடுத்தார். 1886-இல் திருவிதாங்கூரோடு குத்தகை, 1887-இல் வேலை தொடக்கம். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட்டில் அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயர அணை. மலையைக் குடைந்து சுமார் 5,700 அடி நீளச் சுரங்கம். வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது. மலேரியாவிலும் காலராவிலும் தொழிலாளிகள் செத்தார்கள். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். 1808-இல் எழுதிய குறிப்புக்கு 87 வயது.

கால்டுவெல்லை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போக நான் தயாராக இல்லை. 1808-இல் டைனமைட் கிடையாது, நோபல் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1867-இல். ரயில் கிடையாது, மதராஸ் மாகாணத்தில் முதல் பயணிகள் ரயில் ஓடியதே 1856-இல்தான். கையில் இருந்த கருவிகளுக்கு அவர் போட்ட வெட்டுக் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். "இன்றைய கருவிகளால் முடியாது" என்று எழுதியிருந்தால் அது ஒரு பொறியாளரின் அறிக்கை. மிருகத்தின் பெயரை ஏன் எழுதினார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முதல் வாக்கியத்தைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை யாராவது எடுத்துச் சரிபார்ப்பார்கள். இரண்டாவதைத் தொடவே வெட்கப்படுவார்கள்.

அணையின் உறுதி பற்றி இரண்டு மாநிலங்களுக்கும் நடந்துவரும் வழக்கு தனி விஷயம், அதை இங்கே இழுக்கவில்லை. தேனிப் பக்கம் போகிற மாணவர்கள் லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த பென்னிகுயிக் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே மலையிலிருந்து இறங்கி வரும் அந்த ராட்சதக் குழாய்களையும் பாருங்கள். 1950-களின் இறுதியிலிருந்து அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகிற வழியில் டர்பைனையும் சுற்றிவிட்டுப் போகிறது. கோப்பில் அந்த யோசனையே கிடையாது. 1808-இல் அல்ல, 1882-இலும்தான்.